ஃபியட்டுக்குள் பேசினால் கேட்க வேண்டும்

ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1984 மாடல். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது ஃபியட்தான். பெரியப்பா வாங்கி ஓட்டிய வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. 1089 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர், முன்னால் ஒரே நீள சீட். ஓட்டச் சுகமான வண்டி. ஆனால் அறுபதைத் தொட்டால் பின் சீட்டில் இருப்பவர் பேசுவது முன்னால் கேட்காது. போன தீபாவளிக்குப் பொள்ளாச்சி போனபோது வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நான்காவது முறை தோளில் ஓர் அடி விழுந்தது. வண்டிக்குள் சத்தத்தைக் குறைக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம்.

முதலில் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விலை குறைவு என்று தார் ஷீட் ஒரு கட்டு வாங்கினேன். மொட்டை மாடியில் ஒழுகலுக்கு ஒட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்தச் சரக்கு. டிரைவர் பக்கக் கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றி, உள்தகட்டில் பெருமையாக ஒட்டினேன். தட்டிப் பார்த்தால் "டங்" என்றது "தொப்" என்று ஆகியிருந்தது. மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் முழுக்க வண்டி வெயிலில் நின்றது. சாயங்காலம் கதவைத் திறந்தால் ரோடு போடும் இடத்து வாசனை. கண்ணாடியை இறக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. ஷீட் உருகிச் சரிந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டிங் மெஷின் மேல் படுத்திருந்தது. அதை மண்ணெண்ணெயும் பட்டித் தகடும் வைத்துச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கை கருப்பு போக இன்னொரு வாரம்.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, சத்தம் எங்கிருந்து வருதுன்னே பாக்காம ஷீட்ட ஒட்டுனா எப்படி?" என்றார். கேள்வி நியாயமானது.

அதனால் இரண்டாவது முறை அளவிலிருந்து தொடங்கினேன். போனில் ஒரு டெசிபல் ஆப். அது காட்டும் எண் அச்சுஅசலாகச் சரி என்று சொல்ல முடியாது, ஆனால் அதே போன், அதே இடம், அதே சாலை என்றால் முன்பின் ஒப்பிடப் போதும். கிணத்துக்கடவு தாண்டி ஒரு நேர்ப் பாதை, காலை ஆறு மணி, எல்லாக் கண்ணாடியும் ஏற்றி, டாப் கியரில் அறுபது. போன் பின் சீட்டின் நடுவில், காது உயரத்தில். வந்தது 79. வண்டி நின்று ஐட்லிங்கில் ஓடும்போது 63.

அப்புறம் டார்ச் சோதனை. இரவில், இருட்டில், பானெட்டைத் திறந்து தம்பி பெரிய டார்ச்சை இன்ஜின் பக்கத் தகட்டின் மேல் அடித்தான். நான் உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டேன். கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது. ஸ்டியரிங் கம்பி இறங்கும் இடத்தில் ஒரு பிறை, ஸ்பீடோ கேபிள் ஓட்டையில் ரப்பரே இல்லை, வயரிங் நுழையும் இடத்தில் யாரோ எப்போதோ துணி அடைத்திருந்தார்கள், எதற்கென்றே தெரியாத இரண்டு திருகாணி ஓட்டைகள். எண்ணியதில் பதினொன்று. வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தமும் வரும். இது வெறும் பேச்சில்லை, கணக்கும் உண்டு. ஒரு தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

எலக்ட்ரிகல் கடையில் ரப்பர் குரோமெட், அதாவது ஓட்டையில் மாட்டும் வளையம், பல அளவில் கிடைக்கிறது, எல்லாம் சேர்த்து 140 ரூபாய். ஸ்டியரிங் கம்பியைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரை வெட்டி இரட்டையாக வைத்துத் தகட்டோடு முடுக்கினேன். கூடவே அண்ணன் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினார். பழையவை கல்லாகிப் போயிருந்தன, விரலால் அமுக்கினால் அமுங்கவில்லை. ஷீட் ஒரு அங்குலம்கூட ஒட்டாமல் அதே சாலையில் 76. ஐட்லிங் 58. இந்த நிலையிலேயே நிறுத்திக்கொள்பவர் இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது தரை. மேட்டிங்கை உரித்தால் அடியில் சணல் ஃபெல்ட், நாற்பது வருட ஈரத்தோடு. பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. டிரைவர் குதிகால் படும் இடத்தில் ஃபெல்ட்டைத் தூக்கினேன். தகடு அதோடு சேர்ந்து வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, அதன் வழியே சிமெண்ட் தரை தெரிந்தது. ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் முன்கண்ணாடி ரப்பரின் இடது மூலையிலிருந்து ஒழுகுவது தெரிந்தது. இதைக் கவனிக்காமல் மேலே ஷீட் ஒட்டியிருந்தால் துருவை மூடிப் பாதுகாத்து வளர்த்திருப்பேன். கண்ணாடி ரப்பர் புதிது, டிங்கரிங்கில் துருத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங், துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் இரண்டு கோட். மூன்று வாரம் ஆனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, காத்திருந்ததுதான்.

இனி ஷீட். இந்த முறை பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள் ஒட்டியது, 2 மி.மீ. தாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும். வாசனை இல்லை, வெயிலுக்கு ஓடுவதில்லை. ஆனால் கனம். ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ மூன்று கிலோ. நாற்பது குதிரைத்திறன் சொச்சம் உள்ள வண்டியில் கிலோவை எண்ணித்தான் ஏற்ற வேண்டும்.

நல்ல வேளையாக முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. இந்த ஷீட் சத்தத்தைத் தடுப்பதில்லை, தகட்டின் அதிர்வைக் கொல்கிறது. தவிலின் தோலில் உள்ளங்கையை வைத்தால் நாதம் செத்துவிடும். அதற்குத் தோல் முழுவதையும் மூட வேண்டியதில்லை அல்லவா? அதுபோல ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியில், நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒட்டினால் பெரும்பாலான பலன் வந்துவிடும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். "டங்" என்ற இடத்தில் சாக்பீஸ் வட்டம். மடிப்பும் முறுக்கும் உள்ள தகடு தானாகவே ஊமை, அதை விட்டுவிட்டேன். அதிகம் அலறியது டிக்கி தரையும், பின் சீட்டுக்கு அடியில் உள்ள தகடும், நாலு கதவின் வெளித்தகடும்.

தின்னர் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்த வேண்டும். தாளின் மேல் சின்னச் சின்னக் கட்டம் அச்சடித்திருக்கும். அந்தக் கட்டங்கள் மட்டமாகும் வரை உருட்டினால்தான் தகட்டோடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஹீட் கன் இல்லையே என்று கவலைப்பட்டேன், பங்குனி மத்தியானம் அந்த வேலையை இலவசமாகச் செய்தது. கையுறை போடுங்கள். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி. வலது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மூடினால் அடுத்த மழைக்குக் கதவு குடமாகிவிடும்.

தரைக்கு மட்டும் கூடுதலாக இரண்டு அடுக்கு. பியூட்டைல் துண்டுகளுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத 6 மி.மீ. ஃபோம், அதற்கு மேல் கனமான வினைல் விரிப்பு, சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. தடுக்கிற வேலை இந்த வினைலுடையது. ஆனால் அதை நேராகத் தகட்டில் ஒட்டினால் தகடு ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும். ஃபோம் மேல் சும்மா கிடக்க வேண்டும், மெத்தை மேல் கம்பளி மாதிரி.

இரண்டு விஷயம் யாரும் சொல்லாதது. ஒன்று, தரை உயர்ந்ததால் சீட் போல்ட் எட்டவில்லை. 15 மி.மீ. நீளம் கூடிய போல்ட் தேடி வாங்கினேன். இரண்டாவது கொஞ்சம் வெட்கம். எல்லாம் முடித்து ஓட்டினால் வண்டி இழுக்கவில்லை. ஏற்றிய கனம்தான் காரணம் என்று இரண்டு நாள் புலம்பினேன். பிறகு பார்த்தால் ஆக்சிலரேட்டர் பெடலின் பின்னால் வினைல் மடிந்து நின்று, கடைசி ஓர் அங்குலம் அமுங்காமல் தடுத்துக்கொண்டிருந்தது. கத்தரித்து எடுத்ததும் பழைய இழுப்பு வந்துவிட்டது.

மொத்தம் ஏற்றியது 25 கிலோ சொச்சம். செலவு, டிங்கரிங்கை விட்டு, 11,400 ரூபாய். அதே சாலை, அதே காலை ஆறு மணி: 73. ஐட்லிங் 56. எண்ணில் ஆறு டெசிபல்தான் குறைந்திருக்கிறது என்று தோன்றும், ஆனால் டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தாலே சத்தத்தின் ஆற்றல் பாதி. காதுக்குத் தெரிகிற மாற்றம் வேறு: அந்த ஓயாத தகர அதிர்வு போய், டயர் உருளும் "கும்" மட்டும் அடியில் இருக்கிறது. அதை இந்த மாதிரி ஷீட்டெல்லாம் ஒன்றும் செய்யாது. கால் வைக்கும் இடத்தில் சூடு குறைந்தது, நான் கேட்காமலே கிடைத்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் ஏ.சி. கிடையாது. ஒன்பது மணி வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கினால் 78, பழைய கதைதான். என் வெற்றியெல்லாம் விடியற்காலைக்கும் மார்கழிக்கும் மட்டும்.

போன வாரம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து அதே பொள்ளாச்சி சாலை. பாதி வழியில், "பின்னாடி என்னடா உய்ங்குனு ஒரு சத்தம்?" என்றார். காது கொடுத்தேன். ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில், பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் மெல்லிய ஊளை. திரும்பி வந்து அண்ணனிடம் ஓட்டிக் காட்டினேன். "பெரியவரு காலத்துல இருந்தே இருக்குதுங்க தம்பி. இப்பத்தான் உங்களுக்குக் கேக்குது" என்றார். ஆயில் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கும் நாலு கதவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், சென்னையில் பழைய வண்டிச் சாமான் கிடைக்கும் புதுப்பேட்டையிலிருந்து வர வேண்டும்.