ஆர்மடில்லோவுக்கு ஒரு மரப்பெட்டிப் பொறி: செய்து பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோவைச் சுற்றியுள்ள பைன் மரப் பகுதியில் மண் மணற்பாங்கானது. தோண்டுவதற்கு எளிதான அந்த மண்ணும், புல்வேர்களுக்கிடையே கொழுத்துக் கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுக்களும் சேர்ந்து, கெட்டியான ஓடு போர்த்த ஆர்மடில்லோ என்னும் விலங்குகளை வீட்டுத் தோட்டங்களுக்குள் அழைத்து வருகின்றன. எங்கள் பின்புறப் புல்தரையில் மூன்று முதல் ஐந்து அங்குல அகலமும், அதிகம் போனால் மூன்று அங்குல ஆழமும் உள்ள கூம்பு வடிவக் குழிகள் காலைதோறும் புதிதாகத் தென்பட்டன. காட்டுப்பன்றியின் வேலையாக இருந்தால் தரை முழுவதுமே புரண்டு கிடந்திருக்கும். குழிகளை மட்டும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் குளிர்சாதனக் கருவி அமர்ந்திருக்கும் சிமென்ட் மேடைக்கு அடியில் ஏழெட்டு அங்குல விட்டமுள்ள வளை ஒன்று கண்ணில் பட்ட பிறகு, மேடை இறங்கிவிடும் முன் அந்த விலங்கைப் பிடித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தோற்றத்தில் நம் ஊர் அழுங்கை நினைவூட்டினாலும் ஆர்மடில்லோ அதற்கு உறவு இல்லை. தேவாங்கைப் போல மெதுவாக மரமேறும் தென் அமெரிக்க ஸ்லாத்துக்கும் அங்குள்ள எறும்புண்ணிக்கும்தான் அது நெருங்கிய இனம். சட்டத்திலும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் அழுங்கைப் பிடிப்பது கடுமையான குற்றம். டெக்சாஸில் சேதம் விளைவிக்கும் ஆர்மடில்லோவைப் பிடிக்கலாம், ஆனால் உயிருடன் விற்கக் கூடாது. பிடித்ததைப் பிறர் நிலத்தில் விடுவதென்றால் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், பலகை வாங்குவதற்கு முன்பே மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கம்பிக் கூண்டு கடையிலேயே கிடைக்கும்போது மரத்தில் ஏன் செய்ய வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்த விலங்குக்குக் கண்பார்வை மிக மங்கல். மூக்கைத் தரையில் பதித்தபடி மோப்பத்தை நம்பியே நடக்கிறது. மரம் அதன் வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கம்பி வைத்துக்கொள்ளாது. ஒருமுறை ஆர்மடில்லோ சிக்கிய மரப்பெட்டிக்கு அடுத்தது எளிதாக வரும் என்பது இப்பகுதியில் தொழிலாகவே பொறி வைப்பவர்கள் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. எனவே பதனிடாத, வண்ணம் பூசாத பைன் பலகையையே தேர்ந்தெடுத்தேன். மருந்தேற்றிய பலகை மழைக்குத் தாங்கும் என்றாலும் அதன் நெடி இந்த வேலைக்கு ஆகாது.

பெட்டியின் நீளம் 32 அங்குலம். பக்கங்களுக்கு ‘ஒன்றுக்குப் பன்னிரண்டு’ பலகையும், அடிக்கும் மேலுக்கும் ‘ஒன்றுக்குப் பத்து’ பலகையும் எடுத்துக்கொண்டேன். கடையில் சொல்லும் அளவு வேறு, கையில் வரும் அளவு வேறு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்: பன்னிரண்டு என்பது உண்மையில் பதினொன்றேகால், பத்து என்பது ஒன்பதேகால், கனம் முக்கால் அங்குலம். அடிப்பலகையும் மேற்பலகையும் பக்கப் பலகைகளுக்கு நடுவே அமையுமாறு திருகாணியால் முடுக்கினால் உள்ளே ஒன்பதேகால் அங்குல அகலமும் ஒன்பதேமுக்கால் அங்குல உயரமும் கிடைக்கும். வளையின் வாயைவிட இது தாராளம். பின்புறத்தைப் பலகையால் அடைக்காமல் கெட்டியான கம்பிவலையை அடித்தேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் விலங்கு தயங்காமல் நுழைகிறது. உள்ளே இருப்பது எது என்று நாமும் தள்ளி நின்றே பார்க்கலாம். கடும் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்கங்க் நடமாடும் ஊரில் இது சிறிய வசதி அல்ல.

முன்புறக் கதவு மேலும் கீழும் சறுக்கி ஓட வேண்டும். பக்கப் பலகைகளின் உட்புறம் மெல்லிய மரச்சட்டங்களை இரண்டிரண்டாக ஒட்டிக் காடி அமைத்தேன். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு பாதியில் நின்றுவிடாதபடி, காடியில் கதவின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டு, மெழுகும் தேய்த்தேன். ஆர்மடில்லோவின் நகங்கள் வலிமையானவை. கதவின் அடிவிளிம்பில் நகம் கோத்துத் தூக்கிவிடும் என்பதால், கதவு விழுந்து அமரும் இடத்துக்கு உட்புறம் தரையில் ஒரு தாழ்வான சட்டம் அடித்து விளிம்பை மறைத்தேன். கதவின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி எடையும் கூட்டினேன்.

விசை அமைப்பு அமெரிக்கத் தென்மாநிலங்களில் முயல் பிடிக்கப் பல தலைமுறையாகச் செய்யும் பெட்டியிலிருந்து வந்தது. மேற்பலகையின் நடுவே ஒரு கவைக்குச்சி நிற்கும். அதன்மேல் நெம்புகோல்போல் ஒரு நீளக் குச்சி கிடக்கும். அதன் முன்நுனியில் கயிற்றால் கதவும், பின்நுனியில் தூண்டுகோலும் தொங்கும். தூண்டுகோல், மேற்பலகையில் கதவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இட்ட ஓர் அங்குலத் துளை வழியாக உள்ளே இறங்கும். கதவின் எடை அதை மேலே இழுக்க, குச்சியில் வெட்டிய சிறு பள்ளம் துளையின் விளிம்பில் மாட்டி நிற்கும். உள்ளே வரும் விலங்கு குச்சியை இடித்தால் பிடி நழுவிக் கதவு விழும். இந்தப் பள்ளத்தை வெட்டுவதில்தான் எனக்கு அதிக நேரம் சென்றது. ஆழமாக வெட்டினால் இடித்தாலும் நழுவாது. மேலோட்டமாக வெட்டினால் காற்றுக்கே விழும். உளியால் சிறிது சிறிதாகச் செதுக்கி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே ஒரு பந்தை உருட்டிவிட்டுச் சோதித்தேன்.

நம் வீட்டு எலிப்பொறிக்குத் தேங்காய்ச் சில்லோ கருவாடோ வேண்டும். ஆர்மடில்லோவுக்கு இரை வைத்து அதிகம் பயனில்லை. மண்புழுக்களை நைலான் காலுறையில் கட்டித் தொங்கவிடச் சொல்பவர்கள் உண்டு. அவ்வாறு வைத்த இரவில், குட்டியைப் பையில் சுமக்கும் ஒப்பொசம் என்ற வேறு விலங்குதான் வந்து அமர்ந்திருந்தது. பொறி ஆர்மடில்லோவின் நடைபாதையில் இருக்கிறதா என்பதே முக்கியம். சுவர் ஓரமாகவும் வேலி ஓரமாகவும் உரசி நடக்கும் பழக்கம் இதற்கு உண்டு. வளையிலிருந்து புல்தரைக்குச் செல்லும் தடத்தில், வாய் வளையை நோக்கி இருக்குமாறு பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஆறடி நீளப் பலகைகள் இரண்டை வாயிலிருந்து விரியும் சிறகுகளாக நிறுத்தினேன். பலகையில் மூக்கு முட்டினால் அது திரும்பிப் போவதில்லை; பலகையைத் தொட்டபடியே நடந்து பெட்டிக்குள் சென்றுவிடுகிறது.

முதலில் சில இரவுகள் பெட்டி வெறுமையாகவே கிடந்தது. புதுப் பலகையின் பிசின் வாடை அடங்காததுதான் காரணம் என்பது என் கணிப்பு. வளை வாயிலில் கிடந்த சருகையும் மண்ணையும் கையுறை அணிந்து அள்ளி உள்ளே பரப்பிய பிறகு ஒரு குட்டி சிக்கியது. இந்த இனம் ஒரே கருமுட்டையிலிருந்து நான்கு குட்டிகளை, நான்கும் ஆணாகவோ நான்கும் பெண்ணாகவோ, ஈனும். வசந்த காலத்தில் பிறப்பவை கோடையில் ஒன்றாகத் திரியும். பெட்டியைக் கழுவாமல் அதே இடத்தில் மீண்டும் வைத்ததில் உடன்பிறந்த மற்றவையும் தாயும் அடுத்தடுத்து வந்தன. வாடையைப் பற்றிச் சொன்னது வீண் பேச்சில்லை என்பது அப்போது உறுதிப்பட்டது.

கையுறை விஷயத்தில் சோம்பக் கூடாது. தென்மாநில ஆர்மடில்லோக்களில் சில தொழுநோய்க் கிருமியைச் சுமக்கின்றன. அவற்றின் உடல் வெப்பம் குறைவாக இருப்பது அக்கிருமிக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதற்கு 2011ஆம் ஆண்டில் மரபணுச் சான்றும் வெளியானது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இயல்பிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு, நோயும் மருந்தால் குணமாகக்கூடியது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. வெறுங்கையால் தொடவும் வேண்டியதில்லை. பெட்டியை அப்படியே வண்டியில் ஏற்றி, முன்பே சம்மதம் பெற்றிருந்த நண்பரின் பண்ணையில் கதவைத் தூக்கித் திறந்துவிட்டேன். திடுக்கிட்டால் மூன்று நான்கு அடி உயரம் செங்குத்தாகத் துள்ளும் என்பதால் பெட்டிக்கு மேல் குனியாமல் பக்கவாட்டில் நின்றேன். டெக்சாஸ் கோடையில் மூடிய மரப்பெட்டி விரைவில் கொதித்துவிடும். விடிந்ததும் பார்ப்பதும், பகலில் எதுவும் நுழைந்துவிடாதபடி காலிப் பெட்டியின் கதவை இறக்கி வைப்பதும் கட்டாயம்.

வளையின் வாயில் செய்தித்தாளைத் திணித்து, சில நாட்கள் அது கலையாமல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மணலும் சரளையும் இட்டு மூடியாயிற்று. இப்போது இரு முனையிலும் கதவுள்ள பெட்டி ஒன்றை வேலி ஓரத்துக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே தூண்டுகோலில் இரு கதவும் ஒருசேர விழ வேண்டும் என்பதால் கயிற்றின் நீளத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை மீதமிருக்கிறது.