ஆறு நாள் பயிற்சியும் ஒரு பிஓடி பாட்டிலும்

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருடத்தில் சென்னையில் ஆறு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். விண்ணப்பம் பெரிய விஷயமே இல்லை, ஏன் வர ஆசை என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். துறையில் தடையில்லாச் சான்று வாங்கத்தான் இரண்டு வாரம் நடையாய் நடந்தேன். போக நினைப்பவர்கள் முதலில் அதை வாங்கி வையுங்கள்.

சிவில், விலங்கியல், பொருளாதாரம், சட்டம் என்று எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். முதல் நாள் முழுக்க பவர்பாயிண்ட். பொருளாதார வகுப்பில் எனக்குத் தூக்கம், வேதியியல் வகுப்பில் அவர்களுக்குத் தூக்கம், கணக்கு சரியாகிவிட்டது.

செவ்வாய் காலை பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம்தான், ஆனால் ஒரு பக்கம் தாழைக்கோழி மேய, காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைக் கிடங்கின் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. 300 மில்லி பாட்டிலில் குமிழ் புகாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் ஆல்கலி அயோடைடும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். கால்வாய் ஓரம் பிடித்தது வெள்ளையாகவே நின்றது, அதில் ஆக்சிஜனே இல்லை என்று அர்த்தம். கூட இருந்த பொருளாதாரப் பையன் முதல் தடவையாகத் தூக்கம் கலைந்து பார்த்தான்.

சிக்கல் லேபுக்கு வந்தபிறகுதான். தண்ணீரில் உள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்பதுதான் பிஓடி. அதை அளக்க 20 டிகிரியில் 5 நாள் வைக்க வேண்டும் என்று பி.எஸ்சி.யிலிருந்தே மனப்பாடம். செவ்வாய் வைத்தால் ஞாயிறு ஆகும், எங்கள் குழு பேச வேண்டியதோ சனிக்கிழமை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது சட்டம் படிக்கும் அக்கா 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணையை நீட்டினார். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை என்பது எனக்கும் தெரியும். பக்கத்திலேயே "27 டிகிரி, 3 நாள்" என்று இருந்ததை நான் ஒருநாளும் படித்ததில்லை. நம் ஊர் வெயிலுக்கு 27 டிகிரிதான் பொருந்தும், சூடு கூடினால் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும், அதனால் 3 நாளிலேயே ஏறக்குறைய அதே அளவு வந்துவிடும். யோசித்தால் எளிய விஷயம், ஆனால் யோசிக்கவில்லையே!

பாட்டில்களை ஒரே சூட்டில் வைக்கும் இன்குபேட்டரை 27-க்குத் திருப்பினோம். வெள்ளி மாலை டைட்ரேட் செய்து மிச்ச ஆக்சிஜனை அளந்தால், சுத்தமான தண்ணீர் கலந்து அதிகம் நீர்க்காத பாட்டில்களில் ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. கடைசியில் குறைந்தது லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தால்தான் கணக்கில் எடுக்கலாம். நல்லவேளை, பயத்தில் கூடுதலாக நீர்த்து வைத்த ஒரு பாட்டில் தேறியது. அதை மட்டும் வைத்துப் பேசினோம், மற்றவை ஏன் வீணாயின என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

ஊர் திரும்பியதும் ப்ராஜெக்ட்டில் செய்முறைப் பக்கத்தைத் திருத்தினேன். "யார் மாத்தச் சொன்னது?" என்றார் கைடு. அக்கா கொடுத்த அட்டவணையை நீட்டினேன்.