தம்பியின் நூறாவது நாள்

2024 நவம்பர் 6, புதன்

இன்று தம்பிக்குச் சோதனைக்காக எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். அவனுக்கு லுகேமியா, ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உருவாக்கும் என் ஸ்டெம் செல்களை அவனுக்கு ஏற்றிய அக்டோபர் 7ஐ இங்கே பூஜ்ஜியம் நாள் என்கிறார்கள். அந்தக் கணக்கில் இன்று முப்பது. மரத்துப்போக ஊசி போட்டாலும், உறிஞ்சி இழுக்கும் அந்த ஒரு நொடி உயிர் போய்விடுகிறது என்கிறான்.

முதலில் இழுத்த 2 மில்லியை டாக்டர் ஊதா மூடிக் குழாயில் தனியாக விட்டு, செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு என்று எடுத்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். அடுத்தடுத்து இழுக்கும்போது மஜ்ஜையோடு வெறும் ரத்தம் கலந்துகொண்டே போகுமாம். நீர்த்துப்போன மாதிரியில் தேடினால், மிச்சமிருக்கும் லுகேமியா செல்கூடக் கண்ணில் படாமல் போகலாம். வீட்டில் யாருக்காவது மஜ்ஜை எடுக்கப் போகிறார்கள் என்றால், முதல் இழுப்பு எந்தச் சோதனைக்குப் போகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

நவம்பர் 14, வியாழன்

இரண்டு ரிப்போர்ட்டுகள் வந்தன. கைமெரிசம்: டோனர் 98 சதவீதம். அதாவது அவன் ரத்த செல்கள் நூற்றில் 98 என்னுடையவை. மாற்று சிகிச்சைக்கு முன்பே எங்கள் இருவரின் ரத்தத்தையும் வாங்கி வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் நீளம் மாறுகிற சில இடங்கள் உண்டு, குற்ற வழக்குகளில் ஆளை அடையாளம் காண்பதும் அவற்றை வைத்துத்தான். கூடப் பிறந்தவர்கள் என்பதால் பல இடங்களில் எங்களுக்குள் வித்தியாசமே இல்லை. வேறுபட்ட இடங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அம்மா அதைக் கேட்டதும், "அப்ப நோய் போயிடுச்சு" என்று சாமி படத்துக்கு முன் நின்றுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டாக்டர் மேடம் பொறுமையாகத் திருத்தினார். இந்தச் சோதனை ரத்தம் யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பழைய செல் இருந்தால்தான் இதற்குத் தெரியும், அதற்கும் கீழே ஒளிந்திருப்பது தெரியாது. அதற்குத்தான் எம்ஆர்டி, மிச்சமிருக்கும் நோயைத் தேடும் சோதனை. ஃப்ளோவில் பத்தாயிரத்தில் ஒரு செல் வரை பிடிக்கலாம், மரபணுவைப் பெருக்கி எண்ணும் பிசிஆரில் லட்சத்தில் ஒன்று வரை.

லட்சத்தில் ஒன்று என்றால் என்ன என்று ராத்திரி அம்மாவுக்குப் புரியவைத்தேன். ஒன்றிரண்டு கிலோ பொன்னி அரிசியில் ஒரே ஒரு கல். வாழ்நாள் முழுக்க முறத்தில் கல் பொறுக்கியவள், உடனே புரிந்துகொண்டாள்.

ஃப்ளோ நெகட்டிவ். கீழே ஒரு குறிப்பு: ஹெமட்டோகோன்கள் உள்ளன. மஜ்ஜை புதிதாகத் துளிர்க்கும்போது வருகிற நல்ல இளம் செல்கள் அவை. பார்ப்பதற்கு இவனுடைய லுகேமியா செல்களைப் போலவே இருக்குமாம், பழகிய கண்தான் பிரித்துச் சொல்லும். அதைப் பிரித்துச் சொன்ன அந்த முகம் தெரியாத லேப் டாக்டருக்கு என் நன்றி.

2025 ஜனவரி 13, திங்கள், போகி

புதன்கிழமை நூறாவது நாள். பொங்கல் விடுமுறை குறுக்கே வருவதால் இன்றே ரத்தம் எடுத்துவிட்டார்கள். இந்த முறை பிசிஆருக்கு. தம்பிக்கு இருப்பது பிலடெல்ஃபியா குரோமோசோம் உள்ள லுகேமியா. 1960இல் அந்த ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வருவது என்று 1973இல் ஜேனட் ரவ்லி காட்டினார். அந்த ஒட்டு மரபணு நல்ல செல்லில் இருக்காது. அதனால் அதை எண்ணினால் நோயையே எண்ணியது போல.

ஜனவரி 21, செவ்வாய்

ரிப்போர்ட்டில் எண்ணே இல்லை. "மாதிரி மதிப்பிடத் தகுதியற்றது." விடுமுறையில் குழாய் எங்கோ கிடந்து தாமதமாகத்தான் லேபுக்குப் போயிருக்கிறது. இந்தச் சோதனை மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வில் செய்வது. ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். மாதிரி நன்றாக இருக்கிறதா என்று அறிய ஏபிஎல் என்ற மரபணுவையும் சேர்த்து எண்ணுவார்கள், குறைந்தது 10,000 பிரதிகளாவது வேண்டும். இவனுக்கு 2,300.

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றை மட்டும் நினைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏபிஎல்லைப் பார்க்காமல் யாராவது "நெகட்டிவ்" என்று அடித்துக் கொடுத்திருந்தால், நாங்கள் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். நாளைக்கே திரும்ப ரத்தம் கொடுக்கிறோம். இந்த முறை குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து நானே கொண்டுபோகிறேன்.

ஜனவரி 30, வியாழன்

பிலடெல்ஃபியா மரபணு 0.02 சதவீதம். ஏபிஎல் 45,000. அப்படியென்றால் 45,000க்கு ஒன்பது.

ஃப்ளோ நெகட்டிவ், கைமெரிசம் 100 சதவீதம். அப்படியும் அந்த ஒன்பது இருக்கிறது. மேடம் பயமுறுத்தவும் இல்லை, மழுப்பவும் இல்லை. இதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது என்றார். பிளேட்லெட் குறைவாக இருந்ததால் தள்ளிப்போட்ட டாசாடினிப், அதாவது அந்த ஒட்டு மரபணுவின் வேலையைத் தடுக்கும் மாத்திரை, நாளைக்கே தொடக்கம். டாக்ரோலிமஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அது என் செல்களை அடக்கி வைத்திருக்கும் மருந்து. பிடி தளர்ந்தால் அவை மிச்சமிருக்கும் லுகேமியாவைத் தேடிப் போகும். கூடவே தம்பியின் தோலையும் குடலையும் தாக்கவும் செய்யலாம்.

என் உடம்பிலிருந்து போனவை அவனைக் கடிக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணி வரை இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு. லேசானதுதான், களிம்பு போதும் என்றார் மேடம். "அக்கா, உன் ஆளுங்க வேலைய ஆரம்பிச்சுட்டாங்க" என்று கையை நீட்டிக் காட்டுகிறான். வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று தினமும் கேட்டு எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

போன வாரம் கொடுத்த ரத்தத்துக்கு இன்று மதியம் ரிப்போர்ட் வந்தது. பிலடெல்ஃபியா மரபணு: காணப்படவில்லை. அம்மாவிடம் "இல்லை" என்று சொல்லவில்லை. "இந்த முறை தேடினதுல கிடைக்கலம்மா" என்றேன். "எவ்வளவு அரிசியில?" என்று கேட்டாள்.

தம்பி கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினான். "அதெல்லாம் இருக்கட்டும். ஏபிஎல் எவ்வளவு?"

52,000 என்றேன். எழுந்து உட்கார்ந்து, காகிதத்தை வாங்கி, அவனே ஒருமுறை படித்துப் பார்த்தான்.

அடுத்த மாதிரி ஏப்ரல் 7.