இட்லி மாவுத் தொழிலுக்குத் திட்டம் எழுதுகிறேன்: நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

கோயம்புத்தூர் வடவள்ளியில் இட்லி, தோசை மாவு அரைத்து விற்கும் தொழிலுக்கான திட்டத்தை இன்று எழுதத் தொடங்கினேன். வங்கிக்கு வேண்டிய திட்ட அறிக்கையை ஆடிட்டர் தயாரித்துத் தருவார். ஆனால் அதிலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று மேலாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதால், முதலில் என் கைப்படக் கணக்கை எழுதி, அதையே ஆடிட்டரிடம் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். யாருக்கு விற்பது, என்ன விலைக்கு, ஒரு கிலோவில் என்ன நிற்கும், மாதம் எவ்வளவு செலவாகும் என்பவற்றுக்கு மட்டுமே நோட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

மாலையில் பக்கத்து மளிகைக் கடையில் அனுமதி கேட்டு, குளிர்பெட்டி அருகே ஒரு மணி நேரம் நின்றேன். ஆறரை மணிக்கு மேல்தான் மாவு விற்றது. வாங்கியவர்களில் பலர் வேலை முடிந்து திரும்பியவர்கள். பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்த பிறகே கூடையில் போட்டார்கள். அடித்தட்டில் இரண்டு பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பிக் கிடந்தன. கடைக்காரர் அவற்றைக் காட்டி, "இதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிறதா இருந்தா வைங்க அம்மிணி, காசு வித்த பொறகுதானுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் கடன் விற்பனையும் கழிவும் அடங்கியிருக்கின்றன; இரண்டுக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்கியாக வேண்டும். இங்கு சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். மார்கழிக் குளிரில் புளிக்கவே மறுக்கும்.

ஜூன் 15, சனி

ஒரு கிலோ மாவின் அடக்க விலையை இன்று கணக்கிட்டேன். எங்கள் வீட்டில் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவது வழக்கம். அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்று எனக்குக் கிடைத்த மொத்த விலையில், ஐந்து கிலோ தானியத்துக்கு வெந்தயம், உப்பு உட்பட 324 ரூபாய் ஆகிறது. அது அரைத்தால் ஏறத்தாழ 12 கிலோ மாவு வரும். ஆகவே கிலோவுக்கு 27 ரூபாய். கவர், லேபிள், அரைக்கும் மின்சாரம் சேர்த்து 30 ரூபாய். பாக்கெட்டில் 50 ரூபாய் என்று அச்சிட்டால் கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். நேரடியாக வீடுகளுக்கு 48 ரூபாய்க்குக் கொடுக்கலாம். கடையில் கிலோவுக்குப் பத்து ரூபாயும், வீட்டில் பதினெட்டு ரூபாயும் நிற்கும்.

ஜூன் 16, ஞாயிறு

நோட்டிலேயே மிக முக்கியமான பக்கம் இதுதான். வாடகை 6,000, உதவியாளர் சம்பளம் 12,000, பெட்ரோல் 3,000, குளிர்பெட்டி மின்சாரம் முதலியவை 2,500, இரண்டு லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 4,350: மாதம் 27,850 ரூபாய். என் உழைப்புக்கு 15,000 சேர்த்தால் 42,850. தன் சம்பளத்தைச் சேர்க்காமல் லாபம் காட்டும் திட்டத்தை நான் நம்புவதில்லை. அந்த லாபம் உண்மையில் ஒருவருக்குக் கொடுக்கப்படாத கூலி.

கடைகளுக்கு மட்டும் கொடுத்தால் கையைக் கடிக்காமல் இருக்கவே நாளுக்கு 143 கிலோ விற்க வேண்டும். வீடுகளுக்கு மட்டும் என்றால் சுமார் 79 கிலோ போதும், ஆனால் அத்தனை வாசல்களுக்கு ஒரே ஸ்கூட்டர் போய்வர முடியாது. இரண்டு பங்கு வீடுகளுக்கும் ஒரு பங்கு கடைகளுக்கும் என்று வைத்தால் 93 கிலோ வருகிறது. ஆகவே கடைகளைத் தேடுவதற்கு முன்பே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முன்பதிவு வாங்க வேண்டும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

இருபது லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவை எடுக்கும்) கிரைண்டர் இரண்டு, குளிர்பெட்டி, சீலிங் மிஷின், தராசு, பாத்திரங்கள், தரை மற்றும் வயரிங் வேலை ஆகியவற்றுக்கு 1,80,000 ரூபாய். கிரைண்டருக்கு இந்த ஊரில் அலைய வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருளாயிற்றே.

அதைவிடக் கவனமாக எழுத வேண்டியது நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 30 கிலோவும், அடுத்த மூன்று மாதம் 50 கிலோவும் விற்றால், நான் சம்பளம் எடுக்காமலேயே மொத்தம் சுமார் 57,000 ரூபாய் பற்றாக்குறை வரும். அதோடு சரக்கு இருப்புக்கு 14,000, கடை அட்வான்ஸ் 30,000. ஆக, திட்டச் செலவு 2,81,000 ரூபாய். அதில் என் பங்கு 81,000.

சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், 2024 நிலவரப்படி, தகுதியான செலவுக்கு 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். ஆனால் கடன் கணக்கு ஒழுங்காக இருந்து, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே அது கடனில் கழிக்கப்படும். எனவே மானியத்தை வரவில் எங்கும் நான் எழுதவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கட்டணமின்றி முடித்தேன். உணவுப் பாதுகாப்புத் துறையில், 2024 விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ளும் உற்பத்தி நாளுக்கு 100 கிலோவுக்குள்ளும் இருந்தால், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு போதும். தாண்டினால் உரிமம் வேண்டும். காலாண்டுக்கு 30, 50, 70, 90 கிலோ என்று உயர்ந்தால் முதல் ஆண்டு விற்பனை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும். 93 கிலோ நிலைக்கு வந்தால் 15 லட்சமாகும். உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதைப் பன்னிரண்டாம் மாதத்திலேயே குறித்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

உளுந்து கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் மாவின் அடக்க விலை ஒன்றே முக்கால் ரூபாய்வரை கூடும். கடைக்குக் கொடுப்பதில் நிற்கும் பத்து ரூபாயில் அது பெரிய வெட்டு. அப்போது கடைக்கான விலையை 42 ஆக்குவது, அளவைக் குறைப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். திங்களன்று நோட்டை ஆடிட்டரிடம் கொடுக்கப் போகிறேன். ஐந்தாண்டு மதிப்பீட்டில் விற்பனையை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போக வேண்டாம் என்றும், மூன்றாவது கிரைண்டர் வாங்கும்வரை நாளுக்கு 120 கிலோவைத் தாண்டி எழுத வேண்டாம் என்றும் அவரிடம் சொல்ல வேண்டும்.