பின் ஆக்சில் ஊளை: ஹவுசிங்கைப் பிரிப்பதற்கு முன்னால்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டும்போது சத்தமில்லை. ஐம்பது அறுபதில் போகும்போது காலை எடுத்தால் போதும், பின்னாலிருந்து ஊளை கிளம்புகிறது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: கிரவுன் பினியன் போச்சு. இருக்கலாம். ஆனால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும், செலவு சின்னதில்லை. அதனால் எதையும் பிரிக்காமல் சத்தம் எதற்குக் கட்டுப்படுகிறது என்று முதலில் பார்த்தேன். ரோட்டுக்கா, ஸ்டியரிங்குக்கா, ஆக்சிலேட்டருக்கா?

ரோட்டுக்கு மதுரையின் நத்தம் மேம்பாலம். 7.3 கிலோமீட்டர் நீளம், விடிகாலையில் காலியாகக் கிடக்கும். இடது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டினால் வண்டியின் சத்தமெல்லாம் சுவரில் பட்டுக் காதுக்கே திரும்பி வரும். கட்டை கட்டையான பல் உள்ள டயர் என்பதால் ஒரு முனகல் எப்போதும் உண்டு. தளம் மாறினால் அந்த முனகல் மாறுகிறது, ஊளை மாறவில்லை. டயர் ஒதுங்கியது.

ஸ்டியரிங்குக்குத் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது வீல் பேரிங்கில் இறங்கும், வலப்பக்கம் வளைத்தால் இடதில். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் சத்தம் ஏறி மறுபக்கம் குறையும். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

சத்தத்தின் சுருதியும் ஒரு துப்புதான். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். எதிர்ச்சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். பினியனைச் சுற்றவைக்கும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணியபோது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது கிரவுனின் ஒரு சுற்றுக்குப் பினியன் 4.88 சுற்று. அறுபதில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 450 சுற்று என்றால் பினியன் 2200 சுற்று. வீல் பேரிங் கெட்டால் தடித்த உறுமலாக இருக்கும். என் வண்டியில் கேட்டது கீச்சுக் குரல், வேகமாகச் சுற்றும் பினியன் பக்கத்துச் சத்தம்.

அடுத்த சோதனை ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது. பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, 4ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, முன் ஆக்சிலின் இழுவையில் மட்டும் மெதுவாக ஓட்டலாம். (ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போது காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போடக் கூடாது, முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். கழற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.) என் வண்டியில் ஷாஃப்டின் இரண்டு முனையும் ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டு. நாலு நாலு போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும், எண்ணெய் ஒழுகாது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: பழைய ஜீப் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் அந்த ஷாஃப்டில்தான் பிடிக்கும். ஷாஃப்ட் போனால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு. 2ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில்) கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். சக்கரத்துக்குக் கட்டை இல்லாமல் அடியில் படுக்காதீர்கள்.

அப்படி ஓட்டியதில் டயர் முனகலைத் தவிர வேறெதுவும் இல்லை. பின் சக்கரம் சுற்றுகிறது, பினியனும் சுற்றுகிறது, ஆனால் பாரம் இல்லை, ஊளையும் இல்லை. மீதி இருந்தவை ஷாஃப்டின் ஜாயிண்டும் பினியனும். ஜாயிண்ட் கிராஸ் இரண்டையும் விரலால் மடக்கிப் பார்த்தேன், எங்கும் சொரசொரப்போ லூஸோ இல்லை. பினியன் ஃபிளாஞ்சை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளியபோதுதான் விஷயம் தெரிந்தது. 'டக்' என்று சின்ன ஆட்டம். பினியனைத் தாங்கும் டேப்பர் பேரிங் பிரீலோடில், அதாவது முன்கூட்டியே கொடுத்த இறுக்கத்தில், உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தத் திசையில் மயிரிழைகூட ஆடக் கூடாது. மிதிக்கும்போது பினியன் ஒரு பக்கம் தள்ளப்பட்டு அப்படியே நிற்கும். காலை எடுத்ததும் எதிர்ப்பக்கம் நகர்ந்து பல்லோடு பல் சேரும் இடம் விலகிவிடும். அந்த ஊளைதான் இது.

ஒத்தக்கடைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். "பினியன் நட்ட ஒரு இறுக்கு இறுக்கினா சத்தம் கொஞ்சம் அடங்கலாம் தம்பி. அப்புறம் ஒரு மாசத்துல திரும்பி வரும், பல்லையும் சேத்துத் தின்னுட்டு வரும்" என்றார். சரி, பிரித்துவிடலாம் என்று முடிவானது.

எண்ணெயை வடித்தால் இருக்கவேண்டிய அளவில் பாதிதான் வந்தது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கண்மை போலக் கருப்புப் பசை, அது எல்லா வண்டியிலும் இருக்கும். அதை விரலில் தேய்த்தால் நடுவே மெல்லிய செதில்கள் மினுங்கின. பல் உடைந்த துண்டு எதுவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. எண்ணெய் குறைந்த காரணம் ஹவுசிங் (ஆக்சிலின் கூடு) மேலேயே இருந்தது: உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் ஓட்டை முழுக்கக் காய்ந்த வண்டல். முன்பு வண்டி மேலூர்ப் பக்கம் வயலில் உழன்றிருக்கிறது. பிரீதர் அடைத்தால், எண்ணெய் சூடாகி உள்ளே ஏறும் அழுத்தம் சீல் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். மட்டம் இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது பினியனின் முன் பேரிங். கிரவுன் சுழன்று வாரி இறைக்கும் எண்ணெய்தான் அதற்குச் சோறு.

பினியன் பேரிங் இரண்டும் புதிது, சீலும் புதிது. இது ஷிம் (மெல்லிய தகடு வளையம்) வைத்து இறுக்கத்தைச் சரிசெய்யும் ஆக்சில். ஃபிளாஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து, மேனுவல் சொன்ன அளவுக்குப் பிரீலோட் வரும்வரை ஷிம்மை மாற்றி மாற்றிப் போட்டார் அண்ணன். பொறுமை என்றால் அதுதான். டயல் கேஜில் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள விளையாட்டு) 0.18 மில்லிமீட்டர். பல்லில் நீல மை தடவிச் சுற்றியதில் தடம் பல்லின் நடுவே விழுந்தது. பழைய கிரவுன் பினியனே போதும். எண்ணெய் 80டபிள்யூ-90, ஜிஎல்-5. பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டிச் சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியாயிற்று.

இப்போது காலை எடுத்தால் ஊளை இல்லை. எழுபதைத் தாண்டினால் மட்டும் லேசான முனகல் ஒன்று மிச்சம். அது டயரா, முன் ஆக்சிலா என்று பார்க்க டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடவேண்டும். புது பேரிங் ஓடிப் பழகியதும் எண்ணெயை ஒருமுறை வடித்துக் காந்தத்தையும் பார்க்கவேண்டும்.