ஒற்றைக் காலணி

என் நடைப்பயிற்சிக் காலணிக்கு வயது மூன்று. அடிப்பாகம் இன்னும் தேயவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் அது அலமாரியின் கீழ்த்தட்டை விட்டு நகர்ந்ததே அபூர்வம்.

சோம்பேறித்தனம் என்றுதான் நானும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஒரு காலுக்கு லேஸ் கட்டி முடித்திருந்தேன். "அம்மா, கணக்கு நோட்டு எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல். தேடிக் கொடுத்தேன். அப்படியே அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று போனவள், அரைமணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: ஒரு காலில் காலணி, மறு காலில் வெறும் உறை. என் கணவர் ஓடக் கிளம்பினால் யாருக்கும் எந்த நோட்டும் தொலைவதில்லை.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2022இல் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் 34 சதவீதம், ஆண்கள் 29 சதவீதம். இடையில் இருக்கும் அந்த ஐந்தில் என் ஒற்றைக் காலணியும் நிச்சயம் இருக்கும்.

ஓடவும் முயன்றேன். மூச்சுக்கு முன்னால் மார்பு வலித்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓட்டத்துக்கென்று பெண்களுக்கு ஓர் உள்ளாடை வந்ததே 1977இல்தான். அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண் வீரர்கள் இடுப்பில் அணியும் கச்சை இரண்டைச் சேர்த்துத் தைத்து அதன் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். சரியான அளவில் ஒன்று வாங்கிய பிறகுதான், குறை என் உடம்பில் இல்லை என்று புரிந்தது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்று அதே உலக சுகாதார அமைப்பு சொல்லும் எண்ணும் என்னை மிரட்டியது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் நான்கும் ஆறுமான உடைந்த நிமிடங்கள்தான். படியேறுவதும் சேரும் என்றதும் மனம் லேசானது.

ஆனாலும் என்னை வாசலுக்கு வெளியே இழுத்தது பக்கத்து வீட்டு அக்காதான். எலும்பு தேய்கிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து நடக்கிறார், சிறு எடைகளும் தூக்குகிறார். அழைப்பு மணியை அழுத்த மாட்டார். 5.30 மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து சும்மா நிற்பார். ஒருவரை நிற்க வைத்துவிட்டு எப்படி நோட்டுத் தேடுவது?

இன்று முழங்கால் வலி, வரவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்தபோது இரண்டு லேஸும் கட்டியாகிவிட்டது. உள்ளேயிருந்து ஏதோ கேட்டார்கள். என்ன தொலைந்தது என்று திரும்பி வந்த பிறகு விசாரித்தேன். அதற்குள் கிடைத்துவிட்டதாம்.