திறக்காத மாடு

கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாத்தாலஜி (நோய்க்குறியியல்) வாத்தியாராக நான் மாணவர்களிடம் அதிகம் சொன்னது, "திறந்து பாரு, அப்புறம் பேசு." அன்றைக்குச் செத்துக் கிடந்த அந்த மாட்டை அறுத்துத் திறக்க வேண்டாம் என்றதும் நான்தான். இரண்டுமே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் கூட வந்த முதுகலை மாணவி கேட்டது மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் வரை மேய்ந்த மாடு. ராத்திரி நடுக்கம் கண்டு, ஊரில் யாரோ ஆன்டிபயாடிக் ஊசி போட்டும், விடிவதற்குள் செத்துவிட்டது. வயிறு உப்பிக் கிடந்தது; மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத ரத்தம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகப்பட அது போதும். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி ஸ்மியர் போட்டு, மெத்திலீன் புளூ சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அடைப்பான் கிருமி இருந்தால் நீலக் குச்சிகள் சங்கிலியாகவும், சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரிய வேண்டும். தெரியவில்லை.

"நெகட்டிவ் சார். கையுறை, மாஸ்க் எல்லாம் இருக்கு. மண்ணீரலை மட்டுமாவது பார்த்திரலாமே?"

"வேண்டாம்மா."

"அப்போ இந்தப் பாட்டிக்கு என்ன சார் பதில்?"

பாட்டி பாலிசிக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது. "அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல" என்றேன்.

ஸ்மியர் நெகட்டிவ் என்றால் அறுக்கலாம் என்ற நடைமுறை உண்டு. அவள் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் கிருமி தெரியாமல் போகலாம். மூடிய உடலுக்குள் அழுகலோடு சேர்ந்து அதுவும் அழியும். அறுத்துக் காற்றுப் பட்டால் ஸ்போராகி, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவமாகி, மண்ணில் தங்கிவிடும். ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் 1942-இல் போர்க்காலச் சோதனைக்காக அடைப்பான் குண்டு வெடித்தார்கள். 1986-இல் பார்மால்டிஹைடு தெளித்துச் சுத்தம் செய்து, 1990-இல்தான் பாதுகாப்பான இடம் என்று அறிவித்தார்கள். ஆள் நடமாட்டமில்லாத தீவு அது. பாட்டியின் காட்டிலோ ஊர் மாடெல்லாம் மேய்கிறது.

இப்படி என்னை நானே சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் கண்ணாடி விரியன் பாம்பு நினைவுக்கு வந்துவிடும். அது கடித்தாலும் ரத்தம் உறையாது. தோலை உரித்திருந்தால் கடிவாயைச் சுற்றி ரத்தம் கட்டிய வீக்கம் தெரிந்திருக்கும். பாம்புக்கடி என்று நிச்சயமாக எழுதிக் கொடுத்திருப்பேன். "அடைப்பான் சந்தேகம், உடல் திறக்கப்படவில்லை" என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு பாட்டி எத்தனை படி ஏறி இறங்கினாரோ. ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியிலும் எதுவும் வளரவில்லை. ஆறடிக் குழியில் புதைத்தோம். அந்த ஊரில் வேறு மாடு சாகவில்லை. திறக்காததால் சாகவில்லையா, அடைப்பானே இல்லாததால் சாகவில்லையா? சொல்ல வழியில்லை. செய்தது சரியா என்பதைக் காட்டக்கூடிய ஒரே சாட்சியை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது.

அந்த மாணவி இப்போது வேறொரு கல்லூரியில் பாத்தாலஜி நடத்துகிறாள். இந்தக் கேஸை வகுப்பில் சொல்வதுண்டாம். "நானா இருந்தா திறந்திருப்பேன்னுதான் சார் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றாள் போனில். எந்தத் தரையில் வைத்து என்று கேட்டேன். கல்லூரிப் பி.எம். (பிரேதப் பரிசோதனை) ஹாலுக்குக் கொண்டு வந்திருக்கலாமே என்றாள். வழியெல்லாம் ரத்தம் சொட்டுமே என்றேன். அதற்கும் ஒரு வழி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் விடவில்லை.